பெட்டிக்குள் உள்ளவை

காலை ஏழு மணிக்குக் கதவை உள்ளே தாழிட்டு, ஜன்னலோரக் கயிற்றை ஒரு தரம் இழுத்துவிட்டால் பெட்டியம்மாவுக்கு அன்றைய முதல் வேலை முடிந்தது. இரண்டாவது வேலை தூங்குவது. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வண்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வலப்பக்கம் திரும்புவதற்குள் குறட்டை எழுந்துவிடும்.

பெட்டி என்பது பல் வைத்தியத்துக்கான இழுவை வண்டி. வெள்ளையடித்த தகரச் சுவர், இரண்டு சக்கரம், ஒரு கதவு, ஒரு ஜன்னல். உள்ளே சாய்வு நாற்காலி ஒன்று, தலைக்கு மேல் விளக்கு, கருவிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரம், இழுப்பறைகள் வைத்த இரும்பு அலமாரி. ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி, நாளுக்கு ஓர் ஊராக இழுத்துக்கொண்டு போவார்கள். போய்ச் சேர்ந்ததும் கொக்கியைக் கழற்றி, நான்கு மூலையிலும் இரும்புக் கால்களை இறக்கி நிறுத்திவிட்டால் அதுவே ஆஸ்பத்திரி. சாயங்காலம் கால்களை மடக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

அவளுக்கு அதில் உதவியாளர் வேலை. முக்கியமாகத் தலை பிடிக்கிற வேலை. டாக்டர் ஊசி போடும்போதும், கொறடு போட்டுப் பல்லை அசைக்கும்போதும், நோயாளியின் தலையை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். லேசாகப் பிடித்தால் தலை திமிறும். இறுக்கிப் பிடித்தால் ஆள் பயந்துபோவான். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடி இருக்கிறது. அது அவள் கையில் இருந்தது. எப்பேர்ப்பட்ட முரடனும் அந்தக் கைகளுக்குள் வந்தால் சாதுவாகிவிடுவான்.

ஜீப்பில் இருந்தது இரண்டே இருக்கைகள். ஒன்று டிரைவருக்கு, ஒன்று டாக்டரம்மாவுக்கு. பின்னிருக்கையை எப்போதோ கழற்றிவிட்டு அங்கே ஜெனரேட்டரையும் தண்ணீர் டிரம்மையும் ஏற்றியிருந்தார்கள். எனவே அவள் பெட்டிக்குள் போனாள். நாற்காலிக்கும் அலமாரிக்கும் நடுவில், ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அகலத்துக்குத் தரை இருந்தது. ரப்பர் மெத்தையை விரித்து, கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டால் ஒன்றே முக்கால் மணி நேரம் அவளை யாரும் கூப்பிட முடியாது.

பெட்டி ஜன்னலிலிருந்து ஜீப்பின் பின்கண்ணாடி வழியாக டிரைவர் காதோரம் வரைக்கும் ஒரு நைலான் கயிறு. அதன் முனைக்கொரு பழைய கரண்டி கட்டியிருக்கும். அவள் ஒரு தரம் இழுத்தால், படுத்துவிட்டேன், கிளம்பு என்று பொருள். இரண்டு தரம் இழுத்தால் நிறுத்து. டிரைவர் முன்னாலிருந்து மூன்று தரம் இழுத்தால் சோதனை நடக்கிறது, மூச்சு காட்டாதே. ஆக, இழுத்துச் செல்கிற வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது மூன்று பேருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரியாதது மாதிரி ஆறு வருஷம் ஓடிவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் வார்டில் இருந்தாள். பத்தொன்பது வயதில் பயிற்சி முடித்துச் சேர்ந்தவள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தூக்க, துடைக்க, ஊட்ட, புரட்டக் கற்றுக்கொண்டு, முப்பது வருஷம் அதையே ஊரார் வீட்டு ஆட்களுக்குச் செய்தாள். பிறகு லேத் பட்டறையில் வேலை பார்த்த கணவர் ஒரு நாள் மிஷினுக்குப் பக்கத்திலேயே விழுந்தார். பக்கவாதம். இடது பக்கம் போனது போனதுதான். பேச்சு குழறலாகத் திரும்பி வந்தது. வார்டில் இரவு ஷிப்டு உண்டு. பெட்டியில் கிடையாது. அதற்காகவே பெட்டிக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள்.

பகலில் கணவரின் அக்கா வந்து பார்த்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். ஊட்டுவார், பேசுவார், சண்டை போடுவார். புரட்ட முடியாது. இரவு முழுவதும் இவளுடைய பொறுப்பு. பத்து மணிக்கு வலப்பக்கம், பன்னிரண்டுக்கு மல்லாக்க, இரண்டுக்கு இடப்பக்கம், நாலுக்கு மறுபடி. ஒவ்வொரு தரமும் குதிகால் மெத்தையில் படாமல் தலையணை கொடுத்து, இடுப்பெலும்பு மேல் தோல் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் பத்து நாளில் புண் வரும். வந்த புண் ஆறு மாதத்தில் ஆறினால் அதிர்ஷ்டம். ஆறு வருஷத்தில் அவர் உடம்பில் ஒரு புண் கிடையாது. அந்தக் கணக்கில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. நாலு தெரு தள்ளி இருந்த மகள், "நான் ஒரு நாள் வந்து பாத்துக்கறேம்மா" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். "உனக்குப் புரட்டத் தெரியாது" என்று இவள் வாயை அடைத்துவிட்டாள். பிறகு யாரும் கேட்கவில்லை.

அவளுக்குத் தூக்கம் என்றால் பெட்டித் தூக்கம்தான்.

ஆபத்து தெரியாதவள் அல்ல. இரண்டு வருஷம் முன்பு ஒரு திருப்பத்தில் அலமாரியின் கீழ் இழுப்பறை திறந்துகொண்டு பாய்ந்து வந்து காலில் இடித்தது. முழங்காலுக்குக் கீழே தையல் போடுகிற அளவுக்குக் கிழிந்தது. பெட்டியில் பஞ்சும் மருந்தும் இருந்ததால் தானே கட்டுப் போட்டுக்கொண்டு, வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டாள். மறுநாள் இழுப்பறையைக் கயிற்றால் கட்டினாள். தூங்கினாள்.

அகப்பட்டது ஒரு புதன்கிழமை. அன்று நடந்ததில் முதல் பாதி அவள் பிறகு கேள்விப்பட்டதுதான். டிரைவர் அதை ஒரு வாரம் ஆஸ்பத்திரி முழுக்க நடித்துக் காட்டினார்.

பெரிய சாலைச் சந்திப்பில் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் மூன்று தரம் கயிற்றை இழுத்தார். உள்ளே கரண்டி ஆடியது. அவள் ஆடவில்லை. சோதனை அதிகாரி ஜீப்புக்குப் பக்கத்தில் வந்தார். வலது கன்னம் வீங்கி, கைக்குட்டையை அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தார்.

"பின்னாடி யாரு?"

"யாரும் இல்லீங்க சார். சாமான்தான்."

"சாமான் மட்டுமா?"

"சத்தியமா சாமான்தான் சார். நாற்காலி, லைட்டு, பஞ்சு, அந்த மாதிரி."

அதிகாரி பின்னால் போய்ப் பெட்டிக் கதவைத் தட்டினார். உள்ளிருந்து கணீரென்று குரல் வந்தது:

"டோக்கன் வாங்கியாச்சா? வாயைக் கொப்புளிச்சிட்டு வாங்க! செருப்பை வெளியே விடுங்க!"

அதிகாரி டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். "சாமான் பேசுதே."

இதற்குப் பிறகு நடந்தது அவளுக்கே தெரியும். ஊர் வந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கக் கலக்கத்தில் தாழைத் திறந்தாள். எதிரே வெயில். வெயிலுக்கு முன்னால் ஒரு வீங்கிய கன்னம்.

"கீழ்க்கடைவாய்ப் பல்லா?" என்றாள்.

சொன்ன பிறகுதான் சட்டையைப் பார்த்தாள். சீருடை. அவள் மெல்லப் படியில் உட்கார்ந்தாள். முடியைச் சரிசெய்யக்கூடத் தோன்றவில்லை. ஒரு மணி நேரத் தூக்கம் மிச்சம் இருந்ததே என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது.

டாக்டர் இறங்கி வந்தார். "சார், அவங்க இல்லாம எனக்கு வேலை ஓடாது. நாங்க ஆஸ்பத்திரி வண்டி."

"வேலைக்கு வரட்டும் டாக்டர், யார் வேணாம்னா? இதுக்குள்ள வர வேணாம்." அதிகாரி கன்னத்தை அமுக்கிக்கொண்டு பேசினார். "இழுத்துட்டுப் போற வண்டியில சாமான் ஏத்தலாம். ஆள் ஏறக் கூடாது. மெத்தை போட்டாலும் கூடாது, ஏசி போட்டாலும் கூடாது."

"கதவைத் தாழ் போட்டுத்தான் படுத்திருந்தேன் சார்" என்றாள் அவள்.

"அது இன்னும் மோசம்மா. ஏதாச்சும் ஆனா நாங்க எப்படித் திறக்கறது? இதுக்குத் தனி பிரேக் இல்ல. உள்ள பெல்ட் இல்ல. உள்ள நீங்க உருண்டாலும் முன்னாடி இருக்கறவருக்குத் தெரியாது."

"கயிறு இருக்கு" என்றார் டிரைவர்.

அதிகாரி கயிற்றைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். "பேப்பர் குடுங்க" என்றார்.

டிரைவர் வண்டிப் புத்தகத்தோடு, உள்ளே செருகியிருந்த ஒரு தாளையும் சேர்த்து நீட்டிவிட்டார். அங்கேதான் கதை முடிந்தது. அது ஸ்டோர்காரர் தினமும் காலையில் எழுதிக் கொடுக்கிற பட்டியல். ஸ்டோர்காரர் கறாரான மனிதர். பெட்டிக்குள் எது போனாலும் எழுதாமல் விடமாட்டார். அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார்.

"பெட்டிக்குள் உள்ளவை. சாய்வு நாற்காலி ஒன்று, நிலை நன்று. விளக்கு ஒன்று, நிலை நன்று. பஞ்சு டப்பா இரண்டு, நிலை நன்று. உதவியாளர், பெண், ஒன்று..." நிறுத்தி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நிலை நன்று. உங்க ஆஸ்பத்திரியே எழுதிக் குடுத்திருக்கு. கீழ கையெழுத்து வேற."

அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். பஞ்சு டப்பாவுக்குக் கீழே, துப்புகிற கிண்ணத்துக்கு மேலே அவள் இருந்தாள். ஆறு வருஷமாகத் தினமும் எழுதியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"நிலை நன்றா?" என்றாள். "ஒரு நாளாவது கேட்டுட்டு எழுதியிருக்கலாம்."

அதிகாரி அபராதச் சீட்டைக் கிழித்து டிரைவரிடம் கொடுத்தார். போகிற போக்கில் அவளிடம் குரலைத் தணித்துச் சொன்னார். "நாலு வருஷம் முன்னாடி, இதே ரோட்டுல ஒரு பெட்டி கொக்கி கழண்டு போச்சும்மா. உள்ள ரெண்டு பேர் இருந்தாங்க. கதவைத் திறந்தது நான்தான்." அவள் தன் காலில் இருந்த தழும்பைப் புடவைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

பெட்டியில் ஏறக் கூடாது, ஜீப்பில் இடம் கிடையாது. அவளைப் பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டு அவர்கள் போனார்கள். பஸ் பிடித்து அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. பெட்டி வாசலில் கூட்டம். உள்ளே டிரைவர் ஒரு கிழவரின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அக்கா, வந்துட்டீங்களா?" என்றார் கண்ணைத் திறக்காமலே. "ரத்தம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, அப்புறம் திறக்கறேன்."

அன்று மாலையே மேலாளர் கூப்பிட்டுவிட்டார். மின்விசிறிக்குக் கீழே காகிதங்களின் மேல் கல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இனிமே பெட்டியில ஏறக் கூடாதும்மா. ஜீப்ல சீட்டு போடறதுன்னா மேல எழுதிக் கேக்கணும். ஒரு மாசம் பஸ்ல வந்து பாருங்க. சரிப்படலேன்னா அங்கங்க உள்ளூர் ஆளைப் பிடிச்சுப் போட்டுக்கறோம். உங்களை வார்டுக்கே மாத்திடறோம்."

"வார்டுன்னா நைட் ஷிப்டு உண்டுங்களே."

"வார்டுன்னா நைட்டும் இருக்கும், பகலும் இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததல்ல. இரவு வேலை என்றால் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலுக்கு ஆள் இல்லை. "பஸ்ல வரேன்" என்று எழுந்து வந்தாள்.

பஸ்ஸில் வந்தாள். ஐந்தரை மணிக்குக் கிளம்பினால்தான் ஒன்பதுக்குப் போய்ச் சேர முடியும். நாத்தனார் முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாக வரவேண்டியதாயிற்று. இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸில் இடம் கிடைக்காது. இரண்டாவதில் கிடைக்கும், ஆனால் தூங்கினால் ஊர் தாண்டிவிடும். ஒரு நாள் தாண்டியும்விட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தூங்கக் கற்றுக்கொள்ளப் பார்த்தாள். முழங்கால் மடங்கி முன்னால் உட்கார்ந்திருந்தவர் மடியில் விழுந்தாள். "எழுந்து இடம் குடுக்கறேன்னு சொல்லுமுன்னாடியே உக்காந்துட்டீங்களே" என்றார் அந்த ஆள். பஸ் சிரித்தது. அவளுக்குச் சிரிக்க வரவில்லை.

வீட்டில் நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, படுக்க வேண்டியது நீயா அவனா?" என்று கேட்டார்.

கட்டிலிலிருந்து பதில் வந்தது. "எடம் இல்ல. நா எழுந்திரிக்க மாட்டேன்."

அவர் பேச்சு குழறல்தான். வல்லினமெல்லாம் நாக்கில் வழுக்கிவிடும். அக்காவுக்கே பாதி புரியாது. இவளுக்கு ஒரு சொல் தப்பாது.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. நாற்காலியில் ஒரு தச்சர், கட்டுமஸ்தான ஆள். மேல்பல் ஆட்டம் கண்டிருந்தது. டாக்டர் கொறடைப் போட்டார். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு சூடாக இருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. அவ்வளவுதான் நினைவு. தச்சர் "ஐயோ" என்று கத்தியபோதுதான் தன் கைகள் தளர்ந்து கீழே தொங்குவதைப் பார்த்தாள். தலை ஒரு பக்கம் வெட்டி, கொறடு உதட்டில் பட்டு ரத்தம்.

சின்னக் கீறல்தான். டாக்டர் மருந்து வைத்து, மன்னிப்புக் கேட்டு, பல்லையும் எடுத்து அனுப்பினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

"எல்லாம் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "மூணு. சில நாள் மூணேகால்."

"முன்னாடி?"

"பெட்டியோட சேர்த்தா அஞ்சு வரும்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நானே உங்களை மாத்தச் சொல்லிடுவேன். கோவிச்சுக்காதீங்க."

"இதுல என்ன கோவம் டாக்டர்? நான் உங்க இடத்துல இருந்தா இன்னிக்கே சொல்லியிருப்பேன்."

இரண்டு பேருக்கும் அழுகை வரவில்லை. வெளியே இன்னும் பதினாலு டோக்கன் இருந்தது.

சனிக்கிழமை பதினோராவது டோக்கன் உள்ளே வந்தது. வலது கன்னம் இப்போது இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தது. சீருடை இல்லை.

"டோக்கன் வாங்கிட்டேன்" என்றார் அதிகாரி. "வாய் கொப்புளிச்சிட்டேன். செருப்பையும் வெளியே விட்டுட்டேன்."

"படுங்க" என்றாள் அவள். "கீழ்க்கடைவாய்ப் பல்தானே? அன்னிக்கே சொன்னேன்."

அவளுடைய கைகளுக்குள் தலையை வைத்ததும் அவரும் எல்லாரையும் போலக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார். பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதற்காகக் காத்திருந்தவள் போல அவள் கேட்டாள்:

"சார், ஒரு சந்தேகம். ஓடற பெட்டியில ஆள் இருக்கக் கூடாது. நிக்கிற பெட்டியில இருக்கலாமா?"

அவர் வாயைத் திறந்து என்னவோ சொன்னார். பாதி வாய் செத்திருந்தது. நாக்கு உருண்டது. டாக்டருக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. "பேசாதீங்க சார், அப்புறம் சொல்லலாம்" என்றார்.

"சொல்லட்டும் டாக்டர், எனக்குப் புரியுது." வீட்டில் ஆறு வருஷமாகக் கேட்கிற பாஷைதானே. அவர் குழற, அவள் எடுத்துச் சொன்னாள். "கொக்கியைக் கழட்டி நாலு காலையும் இறக்கிட்டா அது வண்டி இல்லையாம், ரூமாம். உள்ள நிக்கலாமாம், உக்காரலாமாம், படுக்கலாமாம். அவங்க சட்டம் அதைக் கண்டுக்காதாம்."

அதிகாரி தலையை ஆட்டப் பார்த்தார். "ஆட்டாதீங்க" என்று பிடித்தாள். அவர் மறுபடி குழறினார்.

"ஜெனரேட்டரைத் தூக்கிப் பெட்டியில போடச் சொல்றார் டாக்டர். ஜீப்ல அந்த இடத்துல பெல்ட்டோட சீட்டு போடணுமாம். சாமானை ஆள் இடத்துல வெச்சுட்டு ஆளைச் சாமான் இடத்துல வெச்சிருக்கீங்களேன்னு கேக்கறார்." ஒரு நொடி நிறுத்தினாள். "முட்டாள்தனம்னும் ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் சொல்லல."

டாக்டர் சிரித்துக்கொண்டே கொறடை எடுத்தார். பல் வேரோடு வந்தது.

ஆறு வருஷத்தில் யாருக்கும் தோன்றாதது, அதிகாரி சொன்னார் என்றதும் மேலாளருக்கு உடனே தோன்றிவிட்டது. எழுதிக் கேட்ட நாலாம் நாள் உத்தரவு வந்தது. ஜீப்பில் இருக்கை போட்டார்கள். வார்டு மாற்றல் பேச்சு அடங்கியது. வேலை தங்கியது. ஆனால் உட்கார்ந்துகொண்டு போகிற வண்டியில், பெல்ட் கழுத்தை அறுக்க, டிரைவர் பாட்டும் பேச்சுமாக வர, தூக்கம் எங்கிருந்து வரும்? மூன்று மணி நேரம் மூன்று மணி நேரமாகவே இருந்தது. கைகளுக்கு அது போதாது. தச்சரின் உதடு அவளுக்கு மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்தபோது, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"வாரத்துல ரெண்டு ராத்திரி எனக்குத் தூங்கணும். யார் வரீங்க?"

மகள் வாயைத் திறப்பதற்குள் மருமகன், "நான் வரேன் அத்தை" என்றார். கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அதிகம் பேசமாட்டார்.

"அவரை மூட்டை மாதிரித் தூக்கக் கூடாது மாப்பிள்ளை."

"மூட்டையையே நான் கிழியாமத்தான் தூக்குவேன் அத்தை."

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கை எங்கே கொடுக்க வேண்டும், தலையணை எங்கே வைக்க வேண்டும் என்று இவள் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் மருமகன் தோளிலும் இடுப்பிலும் கையைக் கொடுத்து ஒரே மூச்சில் புரட்டிவிட்டார். குலுங்கக்கூட இல்லை. அவள் குனிந்து குதிகாலைப் பார்த்தாள். இடுப்பைப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கணவரைக் கேட்டாள்.

அவர் சுவரைப் பார்த்தபடி, நிதானமாக, எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். "இவனே... நல்லா... பண்றான்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷக் கர்வம், ஒரு புரட்டலில் போய்விட்டது. அடுக்களைக்குப் போய் டம்ளர்களைக் கழுவினாள். கழுவி முடிக்கும்போது அதுவும் சரிதான் என்று பட்டது. செவ்வாய், வெள்ளி என்று நாள் குறித்துக் கொடுத்தாள்.

ஆக, வாரத்தில் இரண்டு ராத்திரி. மீதி ஐந்துக்கு அதிகாரி சொன்ன ரூம்தான் இருந்தது. டாக்டரிடம் பேசினாள். ஆறரைக்கே கிளம்புவது, எட்டேகாலுக்குப் போய்ச் சேருவது, ஒன்பதுக்குத்தான் முதல் டோக்கன் என்று ஏற்பாடாயிற்று. டிரைவர் அரைமணி முன்னதாக எழுந்திருக்க வேண்டுமே என்று முனகினார். "ரத்தத்தைப் பாக்கறதுக்கு அது தேவலை இல்ல தம்பி?" என்று கேட்டதும் அடங்கினார்.

முதல் நாள் திங்கட்கிழமை. ஸ்டோர்காரர் வழக்கம்போலப் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். உதவியாளர் இல்லை. அந்த இடத்தில், பஞ்சு டப்பாவுக்குக் கீழே, 'ஜெனரேட்டர் ஒன்று, நிலை சுமார்' என்று இருந்தது.

"இதை மட்டும் பார்த்து எழுதினீங்களா?"

"பாக்கவே வேணாம்மா" என்றார் ஸ்டோர்காரர். "அது சத்தம் போடுதே, தெரியுது."

அவள் தாளை மடித்து டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். டிரைவர் சாவியைத் திருகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன, கிளம்பல?" என்றார் டாக்டர்.

"கயிறு இன்னும் ஆடலையே டாக்டர்" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஓரம். டிரைவர் கொக்கியைக் கழற்றி, நான்கு கால்களையும் இறக்கி, ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்தார். அவள் ஜெனரேட்டரை இறக்கச் சொல்லி, மெத்தையை விரித்து, கதவை வெறுமனே சாத்தினாள். தாழ் போடவில்லை.

தரை ஆடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆறு வருஷமாக ஆடுகிற தரையில் தூங்கிப் பழகிய உடம்பு, எப்போது ஆடும் என்று காத்துக்கொண்டு கிடந்தது. வெளியே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். செருப்புச் சத்தம், இருமல், டிரைவர் அதட்டி அதட்டி டோக்கன் கொடுக்கிற சத்தம். இருபது நிமிஷம் வீணாகிவிட்டது என்று மனது எண்ணியது. இன்னும் இருபது இருக்கிறது என்று உடம்பு சொன்னது.

யாரோ ஒரு பெரியவர் பெட்டியைக் கையால் தட்டினார். "தம்பி, உள்ள யாராச்சும் இருக்காங்களா? எப்போ கூப்பிடுவாங்க?"

அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. டோக்கன் வாங்கியாச்சா என்று கேட்க நாக்கு எழுந்தது.

"தட்டாதீங்க பெரியவரே" என்ற டிரைவர் குரல் அதற்குள் கேட்டது. "உள்ள யாரும் இல்ல. சாமான்தான்."

பெரியவர் என்னவோ பதில் சொன்னார். அது அவள் காதில் விழவில்லை.